குமிழி நிற்கும் வரை

அண்ணி பொன்னி போனில் கெஞ்சியதால்தான் தேவிப்ரியா அடி அண்ணாமலைக்குப் போனாள். சாதி விட்டுச் சாதி மாறனைக் கல்யாணம் செய்துகொண்ட நாளிலிருந்து அண்ணன் திருமலை அவளோடு பேசுவதில்லை. மறுநாள் அவர் மகன் பிரகாஷுக்கு மாப்பிள்ளை அழைப்பு. அவளுக்குப் பத்திரிகைகூட வைக்கவில்லை.

ஷெட்டில் அப்பாவின் சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் நின்றது. ரமணாசிரமம் பக்கம் தங்கியிருந்த வெள்ளைக்காரர் ஒருவர் ஊர் திரும்பும்போது அப்பாவுக்கு விற்றது. இரண்டு பேர்தான் உட்காரலாம். மாப்பிள்ளை அதில்தான் வருவான் என்று திருமலை ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்தார். ஆனால் புது ரேடியேட்டர் மாட்டியதிலிருந்து டவுன் போய்ச் சேர்வதற்குள் வண்டி கொதித்துவிடுகிறது.

"இவள யாரு கூப்ட்டது?" திருமலை மனைவியிடம் கேட்டார்.

"நான்தாங்க. மாமனாருகூட சேந்து இந்த வண்டிய பாத்துக்கினவ அவதானே."

"மெக்கானிக் பாத்துட்டு போயிட்டான். இவ இன்னா புதுசா கிழிக்கப் போறா?"

தேவிப்ரியா நேரே வண்டியிடம் போனாள். அந்த வண்டிக்கு இன்ஜின் சீட்டுக்குப் பின்னால், ரேடியேட்டர் வண்டியின் முன்மூக்கில். நடுவே ஓடும் நீளக் குழாய்களில் காற்று அடைத்துக்கொண்டால் தண்ணீர் சுற்றாது. பின்பக்கத் தொட்டியில் கூலன்ட் என்னும் பச்சைக் குளிர்நீரை ஊற்றி நிரப்பினாள். முன்னால் வந்து, ரேடியேட்டர் தலையில் இருந்த சின்னத் திருகைத் தளர்த்தினாள். புஸ்ஸென்று காற்று வந்தது.

"உள்ள காத்து நிக்குது. ஒக்காந்து ஸ்டார்ட் பண்ணு. ஹீட்டர முழுசா தொறந்துட்டு ஆக்ஸிலேட்டர லேசா மிதி. ஜாஸ்தி வேணாம்."

"எனக்கே ஆர்டர் போடுறியா?" என்றபடியே திருமலை உட்கார்ந்தார்.

இன்ஜின் சூடேறியது. திருகு வழியாக நுரையும் பச்சைத் தண்ணீருமாகக் கொப்பளித்தது. குமிழி நின்று தண்ணீர் மட்டும் வரும்போது திருகை மூட வேண்டும். அவள் விரலை அதன்மேல் வைத்துக் காத்திருந்தாள்.

"அப்பா போனதே உன்னாலதான்," என்றார் திருமலை, ஸ்டியரிங்கைப் பிடித்தபடி. "நீ ஓடிப்போன அவமானத்துலதான் படுத்தாரு."

"ஆஸ்பத்திரில என்னத்தான் கேட்டுக்கினே இருந்தாரு. நீதான் எனக்கு சொல்லல. அண்ணி சொல்லித்தான் எல்லாம் முடிஞ்சப்புறம் தெரிஞ்சுது."

இன்ஜின் உறுமியது. கொதிக்கும் தண்ணீர் பீய்ச்சி அவள் மணிக்கட்டில் அடித்தது. அலறிக்கொண்டு பின்னால் சாய்ந்தாள். உறுமல் குறையவில்லை. கண்ணாடிக்குப் பின்னாலிருந்து அண்ணன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுக்கவில்லை.

பொன்னிதான் ஜன்னல் வழியாகக் கையை விட்டுச் சாவியைத் திருப்பினாள்.

குழாயடியில் அண்ணியும் அவளும் வெகுநேரம் கையைத் தண்ணீரில் பிடித்துக்கொண்டு நின்றார்கள். தோல் சிவந்து உப்பியது. திருமலை இறங்கி வந்தார். "கைய ஏன் அங்க வெச்ச? சூடா இருக்கும்னு தெரியாதா?"

தேவிப்ரியாவுக்கு வலியைவிட அந்தப் பார்வைதான் உறைத்தது. அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்துத்தான் வந்திருந்தாள். இதை எதிர்பார்க்கவில்லை. அப்படியே விட்டுப் போனால் நாளை ஊர்வலத்தின் நடுவே வண்டி நின்றுபோகும். அந்த எண்ணம் அவளுக்கு வந்தது. சற்று இனித்தது. ஆனாலும் அப்பாவின் இன்ஜினைக் கருகவிட மனம் வரவில்லை.

"அண்ணி, நீங்க ஒக்காருங்க. லேசா மிதிங்க, போதும்."

பொன்னி மெதுவாக மிதித்தாள். கொஞ்ச நேரத்தில் குமிழி நின்றது. தேவிப்ரியா இடது கையால் திருகை இறுக்கினாள். தொட்டியை நிரப்பி மூடினாள். சூடு காட்டும் முள் நடுவிலேயே நின்றது.

"வேல முடிஞ்சுதுல்ல? கிளம்பு," என்றார் திருமலை. "நாளைக்கு மண்டபத்துப் பக்கம் தலகாட்டாத."

பொன்னி இன்ஜினை அணைத்தாள். சாவியை உருவி முந்தானையில் முடிந்துகொண்டு இறங்கினாள்.

"சாவிய குடுடி."

"அவ வராத கல்யாணத்துக்கு இந்த வண்டியும் வராதுங்க." சொல்லிக்கொண்டே தேவிப்ரியாவின் தோளைப் பிடித்து ரோட்டுக்கு வந்து ஆட்டோவை நிறுத்திவிட்டாள். பின்னால் திருமலை கத்திக்கொண்டேயிருந்தார்.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் எப்படிச் சுட்டது என்று கேட்டாள். "கார்ல தண்ணி..." என்று தேவிப்ரியா தொடங்கினாள்.

பொன்னி குறுக்கிட்டாள். "என் வூட்டுக்காரரு பண்ணது. அப்படியே எழுதிக்கோங்க."

மறுநாள் மாப்பிள்ளை வாடகைக் காரில் வந்தான்.