சந்தனமும் பாதாமும்

ராஜாத்திக்கு எதைப் பார்த்தாலும் இன்னொன்றைப் போலத் தெரியும். தெரிந்ததை வாய்க்குள் வைத்துக்கொள்ளத்தான் தெரியாது. போன மாதம் அன்னத்தாயின் நெட்டை மகனும் குட்டை மருமகள் பவானியும் ஜோடியாக வந்து நின்றபோது, "தென்னமரத்துக்குப் பக்கத்துல தொட்டிச்செடி வச்சாப்ல இருக்கு" என்று சொல்லிவிட்டாள். எல்லாரும் சிரித்தார்கள். பவானி மட்டும் உள்ளே போய் அழுதாள்.

அன்னத்தாய் ராஜாத்திக்குத் தாய்மாமன் மகள், மதினி முறை. மகளிர் குழுவின் தலைவியும் அவள்தான். மாரியம்மன் பொங்கலுக்கு முளைப்பாரி தூக்கக் குழு ஒரே மாதிரிச் சேலை எடுப்பது வழக்கம். இந்த வருடம் ராஜாத்தியை விட்டுவிட்டுப் பதின்மூன்று சேலை எடுத்தார்கள். குழுச் சேலை கட்டாதவளுக்கு வரிசையில் இடமில்லை. பவானியிடம் மன்னிப்புக் கேட்டால் முடிந்துவிடும். நாலு நாள் தன் வீட்டுக் கொல்லையில் உட்கார்ந்து யோசித்தாள். எல்லாவற்றுக்கும் திறக்கிற வாய் அதற்கு மட்டும் திறக்கவில்லை.

சின்னமனூர் ஜவுளிக் கடைக்குப் போய், போனில் இருந்த குழுச் சேலைப் படத்தைக் காட்டினாள். கடைக்காரர் வினோத்ராஜ் ஒன்றை விரித்தார்.

"சந்தனக் கலரு தீந்துபோச்சுக்கா. இது அதுக்கு உடன்பொறந்தது."

"இது பாதாமுல்ல?"

"சந்தனம் ரெண்டு டம்ளர் பால் குடிச்சா பாதாம். அம்புட்டுத்தேன்."

"அங்க பார்டர்ல மயிலு, இங்க மாங்கா."

"பத்தடி தள்ளி நின்னா ரெண்டும் ஒண்ணுதேன்க்கா."

தன்னைப் போல் இன்னொரு வாயைப் பார்த்ததில் ராஜாத்திக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எடுத்துக்கொண்டாள்.

திருவிழா அன்று, வீட்டில் வளர்த்த முளைப்பாரியோடு வரிசையின் கடைசியில் போய் நின்றாள். முனீஸ்வரி திரும்பிப் பார்த்தாள்.

"ஏடி, நாங்க ஒரிஜினலு. நீ ஜெராக்ஸா?"

"மை தீந்த ஜெராக்ஸு" என்றாள் பக்கத்தில் நின்றவள்.

ராஜாத்தி முளைப்பாரியைத் தலையில் ஏற்றிக்கொண்டாள். யாரும் விரட்டவும் இல்லை, நகர்ந்து இடம் விடவும் இல்லை. அன்னத்தாய் தலையைத் திருப்பவே இல்லை.

முல்லையாற்றில் முளைப்பாரியைக் கரைத்துவிட்டுக் கரையேறியதும் மஞ்சள் தண்ணீர் விளையாட்டு தொடங்கியது. முறைக்காரர்கள் மேல்தான் ஊற்றுவார்கள். பேச்சுவார்த்தை இல்லையென்றால் அதுவும் கிடையாது. பதின்மூன்று பேரும் நனைந்து மஞ்சளாக நின்றார்கள். ராஜாத்தி சேலையில் ஒரு சொட்டு விழவில்லை.

பவானி அவளை மேலும் கீழும் பார்த்தாள்.

"சின்னம்மா, செவ்வந்திப் பூக் கூடையில பூண்டு விழுந்தாப்ல நிக்கிறீக."

ஆற்றங்கரையே சிரித்தது. ராஜாத்தியும் சிரித்தாள், முகம் மட்டும் சுருக்கென்று எரிந்தது. இப்படித்தான் இருந்திருக்கும் இந்தப் பிள்ளைக்கு.

"நான் அன்னைக்குச் சொன்னது தப்புத்தேன் ஆத்தா" என்றாள். "மனசுல வச்சுக்கிறாத."

பவானி தன் மாமியாரைப் பார்த்தாள். அன்னத்தாய் நிறைகுடத்தைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"குனிடி."

குடம் முழுவதும் தலையில் இறங்கியது. ராஜாத்திக்கு மூச்சு முட்டியது. கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தபோது, அன்னத்தாய் அவள் முந்தானையைப் பிழிந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கருமம், இதப் போயி எடுத்திருக்க. அடுத்த வருசம் சேல எடுக்கப் போகயில எங்ககூட வா. கலரு தெரியாதவள எல்லாம் தனியாக் கடைக்கு விடக் கூடாது."