வாயை மூடிக்கொண்ட மதியம்

மீன் சந்தையில் ஏலம் கூவிக் கூவியே தொண்டை காய்த்துப்போனவர் அவர். வீட்டிலும் அதே கதைதான். மனைவி ஒரு பேச்சை எடுத்து வாயை மூடுவதற்குள் இவர் ஏலம் முடிக்கிற மாதிரி 'ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம்' என்று முடித்துவைத்துவிடுவார். அப்பேர்ப்பட்டவருக்குத் தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிறது என்று சொல்லி, முகமூடி வழியே மூக்கில் காற்றடிக்கும் மெஷின் ஒன்றை ஆஸ்பத்திரியில் கொடுத்தனுப்பினார்கள்.

முதல் ராத்திரியே முகமூடியைப் பிடுங்கி எறிந்தார். "புயல்ல ஜன்னலோரம் படுத்த மாதிரி இருக்கு!" என்று மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போய் நர்ஸிடம் எகிறினார்.

நர்ஸ் அசரவில்லை. "காத்து கம்மியா ஆரம்பிச்சு மெதுவா ஏறுற மாதிரி வச்சுத் தரேன். பகல்ல முழிச்சிருக்கும்போதே போட்டுப் பழகுங்க. வாயை மட்டும் திறக்காதீங்க."

ஞாயிற்றுக்கிழமை மதியம் முகமூடியோடு நாற்காலியில் உட்கார்ந்தார். எதிரே துணி மடித்துக்கொண்டிருந்த மனைவி சொன்னாள்: "தையல் கம்பெனில என்னை சூப்பர்வைசரா இருக்கச் சொல்றாங்க."

'அதெல்லாம் உனக்கு எதுக்கு' என்று சொல்ல வாயைத் திறந்தார். காற்றுதான் புஸ்ஸென்று சீறிக்கொண்டு வந்தது. கப்பென்று மூடிக்கொண்டார்.

அவள் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போனாள். ஷிஃப்ட் தகராறு, தன்னால் முடியுமா என்ற பயம், அந்தப் பயத்தைவிடப் பெரிய ஆசை. கடைசித் துணியை அவள் மடித்து வைத்தபோதுதான் அவர் மெஷினைப் பார்த்தார். காற்று எப்போதோ முழு அழுத்தத்துக்கு ஏறியிருந்தது. அவருக்குத் தெரியவே இல்லை.

முகமூடியைக் கழற்றினார். "அப்புறம்? நீ அவங்ககிட்ட என்ன சொன்னே?"

"முதல்ல அதை மாட்டுங்க," என்றாள் அவள். "சொல்றேன்."