மறக்கடித்த பால்

நாத்தனார் ஒச்சம்மாள் செத்து ஏழெட்டு மாதம் ஆகியும் பொன்னுத்தாயியின் மூக்கை விட்டு அந்தப் புண் வாடை போகவில்லை. மார்பில் புற்று வைத்து உடைந்து, பின்கட்டு அறையில் கிடந்தவளுக்குப் புண் துடைத்தது பொன்னுத்தாயிதான். ஒட்டிக்கொள்ளும் என்று சொந்தபந்தம் யாரும் அவர்கள் ஊரான கல்லல் பக்கமே வரவில்லை. கட்டி உடைகிற வரைக்கும் ஒச்சம்மாளும் அதை யாரிடமும் சொல்லவில்லை.

இப்போது உலை கொதித்தால் அந்த வாடை. கைப்பிள்ளையை மடியில் போட்டால் அந்த வாடை. பட்டப்பகலில் பின்கட்டிலிருந்து, "பொன்னு, துணிய மாத்திவிடுறியா?" என்று குரல் கேட்கும். ஈரக்கையோடு ஓடிப் போய் நிற்பாள். அங்கே நெல் மூட்டைதான் இருக்கும்.

தொட்டுத் துடைத்த நோய் தனக்கும் வந்துவிட்டது என்றே நம்பினாள். பால் வழியே பிள்ளைக்கு இறங்கிவிடக் கூடாதே என்று மார்பில் வேப்பிலையை அரைத்துப் பூசி, ஒரே நாளில் பாலை மறக்கடித்தாள். பிள்ளை வீறிட்டு அழுதது. அந்த வாரமே குளிக்கும்போது இடது மார்பில் கல் மாதிரி ஒரு கட்டி தட்டுப்பட்டது.

சாயங்காலம் வயலிலிருந்து வந்த மருது, அடுப்படியில் அழுதுகொண்டிருந்த மனைவியைப் பார்த்துப் பதறினான்.

"என்ன புள்ள?"

"உங்க அக்காளுக்கு வந்தது எனக்கும் வந்துருச்சு."

மறுநாளே காரைக்குடிக்கு, ஒரு பெண் டாக்டரிடம் கூட்டிப் போனான். திரைக்குப் பின்னால் படுத்தவள் டாக்டரின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அமுக்காதீக டாக்டரம்மா. தொட்டா பரவிரும்னு சொல்றாக. எங்க மதினிக்குப் புண்ணத் தொடச்சுத்தான் எனக்கும் ஒட்டிக்கிச்சு."

"தொட்டா பரவாதும்மா. புண்ணத் தொடச்சா ஒட்டவும் ஒட்டாது."

டாக்டர் இரண்டு மார்பையும் அக்குளையும் நிதானமாகத் தடவிப் பார்த்தார். கட்டி இருந்த இடத்தில் மட்டும் வலித்தது.

"பிள்ளைக்குப் பால் குடுக்குறியா?"

"நிப்பாட்டிட்டேன். அதுக்கும் போயிருமேன்னு."

"பால்ல இது போகாது. சட்டுனு நிறுத்துனதுல பால் கட்டியிருக்கு போல. வெந்நீர் ஒத்தடம் குடுத்துட்டுப் பிள்ளையப் பால் குடிக்க விடு. கரைஞ்சாலும் கரையாட்டியும் அடுத்த வாரம் வந்து காட்டணும். கட்டியெல்லாம் புத்து இல்லம்மா. புத்தாவே இருந்தாலும், சின்னதுலயே வந்தா வைத்தியம் பண்ணலாம்."

"எங்க மதினி சின்னதுலயே வந்திருந்தா?"

"உறுதியாச் சொல்ல முடியாது. ஆனா ஒரு வழி இருந்திருக்கும்."

வீட்டுக்கு வந்து மடியில் போட்டதும் பிள்ளை முதலில் முகத்தைத் திருப்பியது. பிறகு பற்றிக்கொண்டது. கட்டி கரைந்தது. பின்கட்டுக் குரல் மட்டும் நிற்கவில்லை. ஆனால் இப்போது அவள் ஓடுவதில்லை. "இந்தா வாரேன் மதினி" என்று சொல்லிக்கொண்டே வேலையைப் பார்ப்பாள்.

அடுத்த வாரம் போனபோது, அரியக்குடியில் வாக்கப்பட்டிருந்த ஒச்சம்மாளின் தங்கை சின்னத்தாயியையும் கூட்டிப் போனாள்.

"ஏதாச்சும் இருக்குன்னு சொல்லிட்டா, மதினி?"

"இருந்தா இப்பவே தெரியட்டும். நான் கூட இருக்கேன்ல."

பொன்னுத்தாயிக்குக் குறையொன்றும் இல்லை. சின்னத்தாயியும் திரையை விலக்கிக்கொண்டு வெளியே வந்தாள். ஒன்றும் இல்லையாம், வருஷா வருஷம் வந்து காட்டச் சொன்னார்களாம். ஆனாலும் அவள் முகம் தெளியவில்லை. பஸ் நிற்கும் இடத்துக்கு வந்ததும் சட்டென்று நின்றாள்.

"தொட்டா ஒட்டாதாமே மதினி?"

"ஒட்டாது."

"அப்ப நான் அக்காளப் பாக்க வந்திருக்கலாம்ல?"

பொன்னுத்தாயி சின்னத்தாயியின் கையைப் பிடித்துக்கொண்டாள். பஸ் வந்தும் இருவரும் அங்கேயே நின்றார்கள்.