மலைக்கு ஒரு பேன்ட்

ஆவடியில் ராணுவச் சீருடை தைக்கும் தொழிற்சாலையில் ஹில்டா பதினோரு வருடமாக ஆண்களுக்குப் பேன்ட் தைத்துக்கொண்டிருந்தாள். எங்கே இரட்டைத் தையல் போட்டால் காலை அகட்டி வைத்து ஏறலாம் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. அப்படிப்பட்டவள் போன வருடம் பங்குக் கோயில்காரர்களோடு ஊத்துக்கோட்டைக்கு அப்பால் உள்ள மலைக்குச் சேலையில் போனாள். பாதி வழியில் முந்தானை முள்ளில் மாட்டிக் கிழிந்தது. "நீ கீழ போயி சோத்தப் பாரும்மா" என்று கோயில் சங்கச் செயலாளர் ராயப்பன் திருப்பி அனுப்பிவிட்டார். உச்சியைப் பார்க்காமல் வந்த எரிச்சல் வருடம் முழுக்க ஆறவில்லை.

இந்த வருடம், 1991-லும், மலைப் பயணத்துக்குக் கோயில் பலகையில் அறிவிப்பு வந்தது: ஆண்களுக்குக் கனமான பேன்ட், ஷூ, பெண்களுக்குச் சேலை, சமையல் பாத்திரம். படித்த கையோடு ஹில்டா அம்பத்தூர் போய் முரட்டு நீலத் துணி வாங்கினாள். காக்கியோ பச்சையோ வாங்கினால் தொழிற்சாலைத் துணியைத் திருடிவிட்டாள் என்று கதை கட்டுவார்களே! நாலு பாக்கெட், முட்டியில் இரட்டைத் துணி. கணவன் எட்மண்டின் கேன்வாஸ் ஷூ இரண்டு ஜோடி சாக்ஸ் போட்டதும் காலுக்குப் பொருந்தியது.

"மேல ஒரு பொடவய சுத்திக்கயேன். பூசைக்கு எல்லாரும் வருவாங்கோ" என்று எட்மண்ட் கெஞ்சினான். ஞாயிறு முதல் பூசை முடிந்ததும் பஸ் கோயில் வாசலிலிருந்தே கிளம்பும். மலைக்குப் போட்ட உடுப்போடுதான் நற்கருணையும் வாங்கியாக வேண்டும்.

"ஊருக்கெல்லாம் தெச்சிக் குடுக்கிறேன். நான் போட்டா மட்டும் பாவமா?"

பயம் இல்லாமல் இல்லை. ஆனால் கோபம் அதைவிடப் பெரிதாக இருந்தது. முக்காடு போட்டுக்கொண்டு, பேன்டோடு வரிசையில் நின்று நற்கருணை வாங்கினாள். சாமியார் ஒன்றும் சொல்லவில்லை. அதற்குத்தான் ராயப்பன் இருக்கிறாரே! கஞ்சி போட்ட வேட்டியும் புதுத் தோல் செருப்புமாக பஸ் படியை மறித்து நின்றார். அவர் எழுதிய அறிவிப்பு அவருக்கே இல்லை போலிருக்கிறது.

"பொடவ கட்டிகினு வா. இல்லாங்காட்டி பஸ்ல எடமில்ல."

"எடமில்லியா? சரிண்ணே."

ஹில்டா பஸ்ஸின் பின்பக்கம் போனாள். சாமான் ஏற்றும் இரும்பு ஏணியில் விறுவிறுவென்று ஏறி, கூரையில் சோற்று அண்டாவுக்குப் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். கீழே நின்றவர்கள் வாயைப் பிளந்தார்கள்.

"எறங்கு! மானம் போவுது!" என்று ராயப்பன் கத்தினார்.

"நீ வந்து எறக்குண்ணே."

ராயப்பன் ஏணியில் ஒரு காலை வைத்தார். வேட்டி விலகியது. பொத்திக்கொண்டு காலை எடுத்துவிட்டார்.

"மேல ஆள் கீதுன்னா வண்டிய எடுக்க மாட்டேன் சார். என் லைசென்ஸ் பூடும்" என்று டிரைவர் கோதண்டம் இன்ஜினை அணைத்தார்.

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. எல்லாரும் ராயப்பனையே பார்த்தார்கள்.

"சரி, வாம்மா. உள்ள வந்து குந்து."

"பஸ்ல மட்டுமா, உச்சி வரிக்குமா?"

அவர் பல்லைக் கடித்தார். "உச்சி வரிக்கும்."

"சத்தமா சொல்லுண்ணே" என்றாள் ஹில்டா, அசையாமல். "பின்னாடி கீறவங்களுக்குக் கேக்கல."