கடல் பார்த்த அறை

...அருவியாம், நீலக் குகையாம், மலையேற்றமாம், கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு என் புருஷன் டாமிர் சொல்லிக்கொண்டே போகிறான், ஏதோ நான் பிறந்த ஊரை இவன்தான் போன வாரம் கண்டுபிடித்த மாதிரி. அந்தக் குகைக்குள் வெயில் எப்போது இறங்கும் என்று எனக்குத் தெரியாதா, அங்கேதானே நீச்சலே பழகினேன், இவனுக்கென்ன, கடலே இல்லாத ஓசியெக்கில் சோளக்காட்டுக்கு நடுவே வளர்ந்தவன், உப்புத்தண்ணீரைக் கண்டாலே வாயைப் பிளப்பான்... ஞாயிற்றுக்கிழமை சூப் அடுப்பில் கொதிக்கிறது, நான் உருளைக்கிழங்கு சீவுகிறேன், கோபத்தில் தோலோடு பாதிக் கிழங்கும் போகிறது, போகட்டும். "பெரினா, உன் தம்பிகிட்ட தேதி சொல்லிட்டியா, இல்லையா?" சொல்லவில்லை. எங்களை எங்கே படுக்கப் போடப் போகிறான் என்று கேட்டுவிட்டுத்தான் சொல்லுவேன். இந்த வருஷம் விடுவதாக இல்லை.

வேறெங்கே போடுவான், நிலவறையில்தான். ஜூன் பிறந்தால் எங்கள் ஊரில் வீட்டுக்காரர் எல்லோரும் மூட்டை கட்டிக்கொண்டு கீழே இறங்கிவிடுவார்கள், மேலே இருக்கிற அறையெல்லாம் ஜெர்மன்காரர்களுக்கும் செக் நாட்டுக்காரர்களுக்கும் வாடகைக்கு. கல்யாணமாகி மகள் பிறந்த பிறகும் எங்களுக்கு அதே கதிதான், ஒயின் பீப்பாய்க்கும் எண்ணெய்த் தொட்டிக்கும் நடுவில் மெத்தை, டாமிருக்கு முதுகு பிடித்துக்கொள்ளும், தலைக்கு மேல் எவனோ தொம்தொம்மென்று நடப்பான், பால்கனியில் உட்கார்ந்து நம் கடலைப் பார்த்துச் சிரிப்பான். அம்மாவுக்காகப் பொறுத்துக்கொண்டேன். பக்கத்து மெத்தையில் படுத்து, ஐஸ்கட்டிக் காலை என் காலில் ஒட்டிக்கொண்டு குறட்டை விடுவாள், தள்ளினாலும் திரும்ப வைப்பாள்... போன குளிர்காலத்தில் போய்ச் சேர்ந்துவிட்டாள். வீடு தம்பி யெர்கோவுக்கு, எங்கள் பக்கம் பெண்கள் பங்கை விட்டுக்கொடுப்பதுதான் வழக்கம், நோட்டரி முன்னால் நானும் கையெழுத்துப் போட்டேன், ஒரு வார்த்தை பேசினேனா? இத்தனை செய்தவளுக்குப் பீப்பாய்க்குப் பக்கத்திலா இடம்? தம்பியாம் தம்பி. இதையாவது கேட்காமல் விட்டால் நான் மனுஷியே இல்லை. டேய், நாங்க என்ன பீப்பாயா, கீழ உருட்டி விடறதுக்கு... இப்படித்தான் ஆரம்பிக்க வேண்டும். கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தேன்.

அவன் எங்கே என்னைப் பேசவிட்டான். "அக்கா, வாயத் தொறக்காத, நீ எதுக்குக் கூப்பிடறேன்னு தெரியும். மேல முன்னறை, பால்கனி வச்சது, உனக்குத்தான். ஆகஸ்ட் முதல் வாரம் வேற யாருக்கும் குடுக்கல." வாடகை எவ்வளவு என்றேன், குத்திக் காட்டத்தான். "அட போக்கா, உன்கிட்ட வாங்குவேனா?" பின்னால் அவன் மனைவி வின்காவின் குரல், "துண்டு ரெண்டு செட் போதுமான்னு கேளுங்க, காலைச் சாப்பாடு எத்தன மணிக்கு வேணுமாம்?" எத்தனை மணிக்காமே! அந்த வீட்டில் என்னிடம் யாராவது இப்படிக் கேட்டிருக்கிறார்களா, பசித்தால் போய்ப் பானையைத் திறப்பேன். நீங்கல்லாம் எங்கடா படுப்பீங்க, என்றேன். "வழக்கம்போல கீழதான். இந்த வருஷம் வின்காவோட அம்மாவும் எங்ககூடத்தான், நம்ம அம்மா மெத்தை சும்மாதானே கெடக்கு." சும்மாதானே கிடக்கிறது! எனக்கும் கீழேயே ஒரு மெத்தை போடேன் என்று கேட்டேன், என் குரல் எனக்கே கேட்கவில்லை. அவன் சிரித்தான். "கீழயா? பைத்தியமாக்கா உனக்கு? அங்க இடமேது, வீட்டாளுங்க நாங்க படுக்கவே நெருக்கடி."

வைத்துவிட்டேன். டாமிர் குதிக்கிறான், "பால்கனியா! கடைசில நம்மளயும் மனுஷனா மதிச்சுட்டாங்க பாத்தியா? படகுக்குச் சொல்லிடவா?" இவனை என்ன செய்வது, வாணலியால் ஒன்று போடலாமா... நான் கேட்க நினைத்ததைத்தான் கொடுத்திருக்கிறான், கேட்பதற்கு முன்னாலேயே, காசும் வாங்காமல். யாரிடம் போய்க் குறை சொல்வேன், கேட்கிறவன் சிரிக்கமாட்டானா, அதுதான் வயிறு எரிகிறது. வின்காவின் அம்மா கீழே, நான் மேலே. காலையில் பால்கனியில் நான் காபி குடிப்பேன், நிலவறை வாசலில் அவர்கள் மெதுவாகப் பேசிக்கொள்வார்கள், மேலே இருப்பவர்கள் தூங்கட்டும் என்று. சின்ன வயதில் சனிக்கிழமை விருந்தாளிகள் கிளம்பினதும் அம்மாவும் நானும்தான் ஓடிப்போய்ப் படுக்கை விரிப்பெல்லாம் உரிப்போம், போகிறவர்கள் ஒருநாளும் அதைத் தொட்டதில்லை, அது வீட்டாள் வேலை... நாங்கள் கிளம்புகிற அந்தச் சனிக்கிழமை நான் என்ன செய்வேன், நானே உரித்துச் சுருட்டிக் கீழே எடுத்துப் போவேனா, இல்லை, அப்படியே கிடக்கட்டும் என்று சாவியைக் கதவிலேயே விட்டுவிட்டு வந்துவிடுவேனா?