பூனை முடி ஒத்துக்கல

தங்கைக்கு அடிக்கடி முகம் வீங்கும். “பூனை முடி ஒத்துக்கலக்கா” என்பாள். பூனையை யாருக்காவது கொடுடி என்றால் கேட்கமாட்டாள். நான் லாட்ஜில் அறை சுத்தம் செய்பவள். அங்கிருந்து வேக்குவம் மெஷினைக் கேட்டு வாங்கிப் போய், மெத்தை, சோபா, மூலைமுடுக்கு எல்லாம் முடியை உறிஞ்சி எடுத்தேன். திரைகளைத் துவைத்தேன். பூனையைப் படுக்கையறைப் பக்கமே விடாதே என்றேன்.

அடுத்த வாரம் மறுபடி மெஷினோடு போனால், அவளுக்கு இடது கண் மூடிக்கிடந்தது. வலது கண்ணுக்கு ஒன்றுமில்லை. இடது கன்னத்தில் நாலு விரல் பதிந்திருந்தது.

“பூனைக்கு எப்படிடீ விரல் முளைச்சுது?”

சோபாவில் சாய்ந்திருந்த அவள் புருஷன், “முதல்ல அந்தச் சனியனைத் தொலைங்கக்கா, எல்லாம் சரியாப்போயிடும்” என்றான்.

மெஷினின் இரும்புக் குழாய் என் கையில்தான் இருந்தது. ஒரே போடில் மூக்கு உடைந்தது. எழப் பார்த்தான்; முட்டியில் ஒன்று விட்டேன். கையெடுத்துக் கும்பிட்டான். கும்பிட்ட கையிலும் விழுந்தது.

அலறல் கேட்டுப் பக்கத்து வீட்டுக்காரர் ஓடிவந்தார். “ஐயையோ, சார் முகத்துக்கு என்ன ஆச்சு?”

தங்கை பூனையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

“ஒண்ணுமில்லீங்க. இவருக்கும் பூனை முடி ஒத்துக்கல.”