பெருமாள் உள்ளின் சுவர்

காலையிலிருந்து கஸ்தூரிரங்கன் உட்காரவில்லை. சோபாவைப் புரட்டினார். கதவுக்குப் பின்னால் டார்ச் அடித்துப் பார்த்தார். அல்சூர் ஏரிப் பக்கம் நடக்கப் போகும் நேரம் தாண்டிவிட்டது. அவரோடு நடக்க வேண்டிய நாய் ராகி, பூஜை அறையான பெருமாள் உள் வாசலில் குளிர்ந்த மொசைக் தரைமேல் தலையைத் தூக்காமல் கிடந்தாள். கிண்ணத்தில் வைத்த தயிர்சாதம் காய்ந்திருந்தது.

அவளுக்கு இது இரண்டாவது உண்ணிக் காய்ச்சல். முதல் தடவையே மூக்கில் ரத்தம் வந்து, பிழைத்ததே பெரிதாகப் போயிற்று. நேற்று ரத்தப் பரிசோதனைக்குப் பிறகு டாக்டர் நாகேஷ் அதே மாத்திரையைத் திரும்ப எழுதினார். இம்முறை தேறுவாளா என்று கேட்டதற்கு, உண்ணி எங்கிருந்து வருகிறதென்று பார்க்கச் சொன்னார்.

"மாசாமாசம் கழுத்துல மருந்து விடறோமே, டாக்டர்."

"நாய்க்கு விடறீங்க சார். மனெக்கு, வீட்டுக்கு? ரத்தம் குடிச்சதும் உண்ணி இறங்கிடும். சுவர் இடுக்குல ஏறி முட்டை போடும். ஒந்து மூலை விட்டாலும் திரும்பி வரும்."

எந்த மூலை என்று கஸ்தூரிரங்கனுக்குத் தெரியும். போன தடவை மருந்தடிக்க ஆள் வந்தபோது, வீடு முழுக்க அடித்தவனைப் பெருமாள் உள் வாசலில் மனைவி ருக்மிணி மறித்துக்கொண்டாள். "இங்க விஷம் வேண்டாம். பெருமாள் பாத்துப்பார்." கஸ்தூரிரங்கன் வாயைத் திறந்தார், பிறகு மூடிக்கொண்டார். அது அவருக்குப் பழகிய காரியம்.

இப்போது, குளிக்காமலே, ராகியைத் தாண்டி உள்ளே போனார். நரசிம்மர் படத்தைச் சுவரிலிருந்து மெல்ல விலக்கினார். காரை விட்ட விரிசலில் ஆமணக்கு விதை போலச் சாம்பல் நிறத்தில் உண்ணிகள் கொத்தாக ஒட்டியிருந்தன. டார்ச் வெளிச்சம் பட்டதும் அவை அசைந்தன.

"ஏன்னா! குளிக்காம உள்ள நிக்கறேளே!"

அவர் திரும்பவில்லை. படத்தை அப்படியே பிடித்துக்கொண்டிருந்தார். ருக்மிணி வந்து எட்டிப் பார்த்தாள். ஒரு உண்ணி மட்டும் சுவரோடு இறங்கி, ராகி படுத்திருந்த வாசல் பக்கம் போய்க்கொண்டிருந்தது. அடுக்களையில் குக்கர் கூவிற்று.

"அன்னிக்கே ஏன் வாயைத் திறக்கலை?"

"நீ கேட்டிருப்பியா?"

"மாட்டேன். சண்டை போட்டிருப்பேன். நீங்களும் போட்டிருக்கலாமோன்னோ?"

அவள் போய் ஹாலில் பலகை போட்டு, பட்டுத்துணி விரித்தாள்.

"கோயில்ல மராமத்துன்னா பாலாலயம் பண்ணிப் பெருமாளை வேற எடத்துல வைக்கலியா? கொஞ்ச நாள் டிவி பக்கத்துல ஏளியிருக்கட்டும்."

"மேட்ச் பாப்பார்."

"வாயை மூடுங்கோ. அந்த ஆளுக்கு போன் போடுங்கோ. ராகியை மொதல்ல வெளில தூக்குங்கோ, மருந்து நெடி அவளுக்கு ஆகாது."

தூக்கினார். கனமே இல்லை. பால்கனியில் கிடத்தி, கால்விரல் இடுக்குகளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தார். பார்த்த காலையே மறுபடியும் பார்த்தார். ருக்மிணி புதிதாகப் பிசைந்த தயிர்சாதத்தோடு வந்து குனிந்து, விரலில் கொஞ்சம் எடுத்து நீட்டினாள்.

"இன்னும் பெருமாளுக்குக் கண்டருளப் பண்ணலியே? அவருக்கு முன்னாடி இவளுக்கா?"

"அவர் வீடு மாத்திண்டிருக்கார். காத்திருப்பார்."

ராகி மோந்து பார்த்தாள். முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ருக்மிணி விரலை எடுக்கவில்லை. வெகுநேரம் கழித்து ராகி ஒருமுறை நக்கினாள்.